வி-கிராஸ் வண்டியின் முன்பக்கத்தை உயர்த்த லெவலிங் கிட் பொருத்தலாமா?

பாமணிக்கரை (மன்னார்குடி), மே 4

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2017இல் வாங்கிய இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்-அப் வண்டி. 2.5 லிட்டர் டீசல், நான்கு சக்கர இயக்கம், 245/70 ஆர் 16 டயர். இதுவரை 1,38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வாங்கிய நாளிலிருந்தே முன்பக்கம் சற்றுக் குனிந்து நிற்கும் வண்டிதான் என்றாலும், கடந்த இரண்டு ஆண்டுகளில் அந்தக் குனிவு பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கும் அளவுக்குக் கூடிவிட்டது.

அழகுக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. எங்கள் வயல் ஒரு பாசன வாய்க்காலின் கரையை ஒட்டி இருக்கிறது. வயல் தடத்திலிருந்து கரைச் சாலைக்கு ஏறும் இடம் செங்குத்தாக இருப்பதால், முன் பம்பரின் கீழ் விளிம்பு ஒவ்வொரு முறையும் மண்ணை வழித்துக்கொண்டுதான் மேலே ஏறுகிறது. போன தாளடி அறுவடையின்போது பம்பரின் அடியில் இருந்த பிளாஸ்டிக் மறைப்பு கழன்று போயிற்று.

இணையத்தில் இரண்டு அங்குல லெவலிங் கிட் ஒன்றைப் பார்த்தேன். அலுமினியத்தில் கடைந்த இரண்டு ஸ்பேசர்கள் (உயரம் கூட்ட இடையில் வைக்கும் தடித்த தகடுகள்), ஷாக் அப்சார்பரின் தலைக்கு மேல் வைத்து முடுக்கினால் போதும், வேறு எதையும் மாற்றத் தேவையில்லை என்று எழுதியிருக்கிறார்கள். மேட்டூர் வழக்கம்போல் ஜூன் 12இல் திறந்து தண்ணீர் எங்கள் பக்கம் வருவதற்குள் இந்த வேலையை முடித்துவிட நினைக்கிறேன். நம் பகுதியில் யாரேனும் இதைச் செய்திருந்தால், அதன் பின்விளைவுகளையும் சேர்த்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

குடமுருட்டி (பாபநாசம்), மே 4

நான் செய்தேன், பிறகு கழற்றினேன். ஆகவே இரண்டு பக்கமும் சொல்ல முடியும்.

என் வண்டியும் வி-கிராஸ்தான். நீங்கள் குறிப்பிடுவதைப் போன்ற இரண்டு அங்குல கிட்டைத் திருச்சியில் ஒரு கடையில் பொருத்தினார்கள். வேலை மூன்று மணி நேரத்தில் முடிந்தது, வண்டி பார்க்க நன்றாகவே இருந்தது. முதல் வாரம் எனக்கும் மகிழ்ச்சிதான். தஞ்சாவூர் சாலையில் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போனபோதுதான் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பி வரத் தயங்குவதைக் கவனித்தேன். நேர்ச் சாலையிலேயே வண்டியை ஓயாமல் பிடித்து நிறுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. வீல் அலைன்மென்ட் எந்திரத்தில் ஏற்றிப் பார்த்தபோது காஸ்டர் கோணம் (ஸ்டீயரிங்கைத் தானாக நடுவுக்குத் திருப்பும் பின்சாய்வு) ஏறத்தாழ 1 பாகை குறைந்திருந்தது. அங்கே டோவை, அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவை, மட்டும் சரிசெய்து கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்து வந்தது சத்தம். வேகத்தடையைத் தாண்டி முன் சக்கரம் கீழே இறங்கும் நொடியில் “டொக்” என்று ஒரு அடி விழும். முன் ஷாக் தன் முழு நீளத்துக்கும் நீண்டு முட்டுகிற சத்தம் அது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஏழாவது மாதம் வலப்பக்க ஏக்சிலின் வெளிப்புற ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் முழுவதும் சக்கரத்தின் உட்புறம் தெறித்திருந்தது. பூட்டின் விலை சிறிதுதான். ஆனால் சேற்றில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு ஒரு நாள் ஓட்டியிருந்ததால் மண் உள்ளே போய், பூட்டுக்குள் இருக்கும் ஏக்சில் மூட்டான சிவி ஜாயிண்டையே மாற்ற வேண்டியதாயிற்று. அதன் பிறகு கிட்டைக் கழற்றிவிட்டேன். எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும் என்று நான் சொல்லவில்லை. வேறு எதையும் மாற்றத் தேவையில்லை என்ற அந்த வாசகத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

பட்டறை மூத்தவர் (கும்பகோணம்), மே 5

தம்பி, கிட் வாங்குவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வண்டியின் அருகில் போங்கள். சமதளமான சிமெண்டுத் தரையில், நான்கு டயரிலும் சரியான காற்றுடன், வண்டியைக் காலியாக நிறுத்துங்கள். சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து, மி.மீ. கணக்கில் எழுதுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் தேய்மானமும் காற்றும் அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாங்கிய நாளில் இருந்த குனிவும், இரண்டு ஆண்டுகளில் கூடிய குனிவும் ஒன்றல்ல. முதலாவது கம்பெனி வேண்டுமென்றே வைத்தது. பின்னால் பாரம் ஏறும்போது பட்டை ஸ்பிரிங் அமுங்கி வண்டி சமமாக நிற்க வேண்டும் என்பதற்காகவே, சுமை வண்டிகள் எல்லாவற்றையும் காலியாக இருக்கும்போது பின்பக்கம் தூக்கலாக நிற்கும்படி செய்கிறார்கள். இரண்டாவது, காயில் ஸ்பிரிங் தளர்ந்து போனதன் அடையாளம். தளர்ந்த ஸ்பிரிங்கின் மேல் ஸ்பேசர் வைப்பது, சுவர் உள்வாங்கிய வீட்டில் கூரை ஓடுகளை மட்டும் உயர்த்தி அடுக்குவதைப் போன்றது. உயரம் கிடைக்கும்; ஸ்பிரிங் தளர்ந்தபடியேதான் இருக்கும்.

இன்னொன்றும் கேட்கிறேன். வண்டியில் இரும்பு முன்கம்பி, அதாவது புல் பார், எப்போதாவது இருந்ததா?

ஸ்பேசரின் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். வி-கிராஸின் முன்பக்கம் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் என இரண்டு கைகளால் ஆனது. ஷாக்கும் காயிலும் சேர்ந்த கூட்டு, கீழ் ஆர்மின் வெளிநுனியில் உட்காராமல் ஏறக்குறைய நடுவில்தான் உட்காருகிறது. ஆகவே ஷாக்கின் தலையில் 10 மி.மீ. தகடு வைத்தால் சக்கரத்தில் அது ஏறத்தாழ 18 முதல் 20 மி.மீ. ஆகத் தெரியும். இரண்டு அங்குல கிட் என்று விற்கப்படும் பொருளின் தடிமன் ஒரு அங்குலம்தான் இருப்பதற்குக் காரணம் இதுதான். இது தெரியாமல் லேத்தில் இரண்டு அங்குலத் தடிமனிலேயே கடைந்து போட்டு, மேல் பால் ஜாயிண்ட் (ஆர்மையும் சக்கரப் பகுதியையும் இணைக்கும் உருண்டை மூட்டு) எல்லையில் முட்டி நின்ற வண்டி ஒன்று என் பட்டறைக்கு இழுத்து வரப்பட்டிருக்கிறது.

தலையில் வைக்கும் ஸ்பேசர் கூட்டை முழுவதுமாகக் கீழே தள்ளுகிறது. சக்கரம் தொங்கும்போது முன்பைவிடத் தாழ இறங்கும். பால் ஜாயிண்ட், சிவி ஜாயிண்ட், பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் எல்லாம் அந்த அளவுக்கு இழுபடும். பெரிய பள்ளத்தில் சக்கரம் முழுக்க மேலே ஏறும்போதோ, பம்ப் ஸ்டாப் ரப்பர் தாங்குவதற்கு முன்பே ஷாக்கின் உடல் அடிமட்டத்தில் முட்டிவிடும். காயிலுக்கும் அதன் தட்டுக்கும் இடையில் வைக்கும் மற்றொரு வகை ஸ்பேசரில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் வண்டி உயர்ந்து நிற்கும் அளவுக்குச் சக்கரம் கீழே இறங்குவதற்கான இடம் குறைந்துவிடும். குடமுருட்டித் தம்பி சொன்ன “டொக்” அந்த வகையில் இன்னும் சீக்கிரம் வரும். ஸ்பேசர் வைத்தால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். கம்பி அதேதான், சுற்றும் அதேதான், கடினத்தன்மை மாறாது. கடினமாக உணர்வது, இறங்கும் இடம் குறைந்ததால்தான்.

பாமணிக்கரை, மே 6

ஐயா, நீங்கள் கேட்டது சரியாகப் போய்ப் பொருந்துகிறது. வண்டி வாங்கியவுடன் கனமான இரும்பு புல் பார் ஒன்றைப் பொருத்தியிருந்தேன். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதற்கு எதிராகச் சுற்றறிக்கை அனுப்பிய பிறகும் கழற்ற மனம் வராமல், மூன்று ஆண்டுகள் கழித்து வழியில் அபராதம் கட்டிய அன்றுதான் கழற்றினேன். அது போன பிறகு முன்பக்கம் உயரும் என்று எதிர்பார்த்தேன், பெரிதாக உயரவில்லை.

அளவுகள் இவை. முன் வலம் 452, முன் இடம் 461, பின்பக்கம் இரண்டும் 521. ஓட்டுநர் பக்கம் 9 மி.மீ. கூடுதலாக அமுங்கியிருக்கிறது.

பாரத்தையும் சோதித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் இருந்த யூரியா மூட்டைகள் ஐந்தைப் பின் ஏக்சிலுக்கு மேல் வருமாறு அடுக்கி, ஓர் ஆளையும் ஏற்றினேன். 45 கிலோ மூட்டை ஐந்துக்கு 225, ஆளோடு சேர்த்துச் சுமார் 290 கிலோ. பின்பக்கம் 521இலிருந்து 483க்கு இறங்கியது. முன்பக்கம் அசையவே இல்லை என்று சொல்லலாம்.

பட்டறை மூத்தவர், மே 6

இனி உங்கள் கணக்கை நீங்களே போடலாம். இதே டயரில், முன்கம்பி எதுவும் சுமக்காத ஒரு வி-கிராஸ் போன வாரம் இங்கே வந்திருந்தது. முன்பக்கம் இரண்டும் 475க்கு ஒரு மி.மீ. முன்பின்னாக இருந்தன, பின்பக்கம் உங்களுடையதைப் போல 520. ஆகவே வலப்பக்கம் 23, இடப்பக்கம் 14 மி.மீ. உங்கள் ஸ்பிரிங் இழந்தது. நீங்கள் காணும் குனிவில் பெரிய பங்கு கம்பெனி வைத்தது, மீதிப் பங்கு புல் பார் வைத்தது.

இப்போது உள்ள ஸ்பிரிங்கின் மேல் இரண்டு அங்குல கிட் போட்டால் முன் வலம் 502க்கு வரும், காலி வண்டி அழகாகத்தான் இருக்கும். நீங்கள் சோதித்த அதே பாரத்தை ஏற்றினால் பின்பக்கம் 483. அப்போது மூக்கு 19 மி.மீ. மேலே நிற்கும். ஓராண்டு கழித்துத் தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றினீர்கள் என்றால் முன்பக்கம் 525ஐத் தொடும். பாரத்தோடு அது 42 மி.மீ. தூக்கல். மூக்கைத் தூக்கிய சுமை வண்டியில் முன் சக்கரத்தின் மேல் அமரும் எடை குறைகிறது. ஈரமான கரைச் சாலையில் பிரேக் பிடிக்கும்போதும் திருப்பும்போதும் அது தெரியும்.

என் யோசனை இதுதான். முதலில் இரண்டு முன் ஸ்பிரிங்கையும் ஜோடியாகக் கம்பெனிப் பொருளாக மாற்றுங்கள். அதன் பிறகும் வேண்டுமென்றால் 10 மி.மீ. தகடு, அதற்கு மேல் வேண்டாம். இரண்டு டிராக்டர் கிராவல் அடித்து அந்தக் கரை ஏறும் இடத்தின் சரிவை நீட்டிவிட்டால் இந்த விவாத இழையே தேவைப்பட்டிருக்காது என்பதையும் சொல்லி வைக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நாற்றங்கால் (நீடாமங்கலம்), மே 7

இங்கே எல்லாரும் ஒரே திசையில் பேசுவதால் மறுபக்கத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். என் வண்டியில் இரண்டு அங்குல ஸ்பேசர் இருக்கிறது. 30,000 கி.மீ. ஓடிவிட்டது. பூட் கிழியவில்லை, ஸ்டீயரிங் அலையவில்லை. அதற்கு நான் செய்தது இரண்டே இரண்டு. மேல் ஆர்மை மாற்றி, உயரம் கூட்டிய வண்டிகளுக்கென்றே பால் ஜாயிண்ட் கோணம் திருத்தி வரும் ஆர்மைப் போட்டேன்; கிட்டை விட அதற்குத்தான் அதிகம் செலவாயிற்று. அதோடு, ஒவ்வொரு 10,000 கி.மீ.க்கும் அலைன்மென்ட் பார்க்கிறேன். குடமுருட்டி அண்ணன் வண்டியில் காஸ்டரைத் திருத்தாமல் டோவை மட்டும் வைத்து அனுப்பிய குற்றத்தை ஸ்பேசரின் தலையில் போடுவது நியாயமா? நான் பாரம் ஏற்றுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என் வண்டியில் ஏறுவது மீன்பிடிக் கம்பும் பிள்ளைகளின் சைக்கிளும்தான்.

ஓர் ஐயம். பாமணிக்கரை அவர்களின் டயரையே 265/70 ஆர் 16 ஆக மாற்றினால் உயரம் தானாகக் கிடைக்காதா?

குடமுருட்டி, மே 7

நியாயமான கேள்விதான், என் வண்டியின் வேலையை அரைகுறையாகச் செய்தார்கள் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். நீங்கள் ஆர்மையும் சேர்த்து மாற்றியதால் அது வேறு வேலை, வேறு செலவு. கிட் விற்பவர் அந்த ஆர்மைப் பற்றி வாய் திறக்காததுதான் என் வருத்தம்.

டயர் பற்றி: 245/70 ஆர் 16 டயரின் விட்டம் கணக்குப்படி சுமார் 749 மி.மீ., 265/70 ஆர் 16 டயரின் விட்டம் சுமார் 777. நான்கு மூலையும் 14 மி.மீ. உயரும். ஆனால் முன்பின் குனிவு அப்படியே இருக்கும், ஸ்பீடோமீட்டர் ஏறத்தாழ 3.7 சதவீதம் குறைத்துக் காட்டும், முழுக்கத் திருப்பும்போது உட்புற மறைப்பில் உரசவும் கூடும். ஒரு நன்மை மட்டும் டயரால்தான் கிடைக்கும். பின் டிஃபரன்ஷியல் உருண்டை (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரக் கூடு) ஏக்சிலோடு இணைந்தது. முன்னால் எத்தனை ஸ்பேசர் வைத்தாலும் அது தரையிலிருந்து ஒரு மி.மீ. கூட உயராது. டிராக்டர் சக்கரம் பள்ளம் பறித்த வயல் தடத்தில் நடுமேட்டை முதலில் தொடுவது அந்த உருண்டைதான். லெவலிங் கிட் போட்டவுடன் எந்தத் தடத்திலும் இறங்கலாம் என்று நம்பி, வெண்ணாற்றுப் படுகையில் ஒரு மாலை முழுவதும் நான் மண்வெட்டியோடு நின்றிருக்கிறேன்.

வழக்குக் கட்டு (தஞ்சாவூர்), மே 8

சட்டப் பக்கத்தை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், இந்தப் பிரிவை அழுத்தமாகவே வலியுறுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ(4) பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

முன் ஸ்பிரிங்கின் உயரம் பதிவுச் சான்றில் இல்லையே என்று வாதிடலாம்; அப்படி வாதிடும் இடத்தில் போய் நிற்பதே ஒரு செலவுதான். அதைவிட முக்கியம் காப்பீடு. வண்டியில் செய்த மாற்றத்தை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்காமல் இருந்து, விபத்துக்குப் பின் வரும் ஆய்வாளர் அதைக் கண்டுபிடித்தால், இழப்பீட்டுக் கோரிக்கை அங்கேயே சிக்கிக்கொள்ளும். தளர்ந்த ஸ்பிரிங்கை அதே பாக எண்ணுள்ள புது ஸ்பிரிங்கால் மாற்றுவது பழுதுபார்ப்பு. அதற்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. பட்டறை மூத்தவர் சொன்ன வரிசை சட்டப்படியும் நல்ல வரிசை.

உப்பளத்தான் (வேதாரண்யம்), மே 8

எங்கள் பக்கத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கை. உப்புக் காற்றில் ஓடும் வண்டியில் அலுமினிய ஸ்பேசரை இரும்பு போல்ட்டோடு ஈரம் தங்கும் இடத்தில் சேர்த்து வைத்தால், அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து போல்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். என் உறவினர் வண்டியில் அதைக் கழற்ற முயன்றபோது மூன்று ஸ்டட்டுகளில் (நட்டு ஏறும் மரைக் கம்பிகளில்) இரண்டு முறிந்தன. மன்னார்குடியில் அவ்வளவு உப்பு இல்லை என்றாலும், துத்தநாக முலாம் பூசிய இரும்புத் தகடு போடுவதும், மரையில் ஒட்டாமல் இருக்கக் காப்புக் கிரீஸ் தடவுவதும் நல்லது. கீழ் ஆர்ம் போல்ட்டுகளில் இரண்டு நாள் முன்னதாகவே துரு இளக்கும் எண்ணெயை அடித்து வைத்துவிடுங்கள்.

ஓரத்து சைக்கிள் (திருவாரூர்), மே 9

நான் வண்டி வைத்திருப்பவன் அல்ல, எதிரே வருபவன். இரவில் ஆற்றங்கரைச் சாலையில் பைக்கில் வரும்போது, மூக்கைத் தூக்கிய வண்டிகளின் முகப்பு விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கிறது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வாய்க்கால் உள்ள சாலையில் இரண்டு நொடி கண் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். உயர்த்துங்கள், அது உங்கள் விருப்பம். விளக்கை இறக்குங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பட்டறை மூத்தவர், மே 9

இந்தத் தம்பி சொன்னதுதான் இதுவரை வந்ததில் எனக்கு மிகவும் உறைத்தது. நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வி-கிராஸின் சக்கர இடைவெளி 3,095 மி.மீ. முன்பக்கத்தை மட்டும் 50 மி.மீ. தூக்கினால் 25 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் 40 செ.மீ. மேலே ஏறும். பாரத்தால் பின்பக்கம் இறங்கினால் அதன் மேல் இன்னும் 30 செ.மீ. ஏறும். அதாவது சாலையில் விழ வேண்டிய ஒளி எதிரே வருபவர் முகத்தில் விழும். விளக்கின் பின்புறத் திருகை மாற்றுவது பத்து நிமிட வேலை; ஆனால் கிட் பொருத்தும் இடங்களில் பாதிப் பேர் அதைத் தொடுவதில்லை.

பாமணிக்கரை, மே 28

வேலை முடிந்தது. மூத்தவரின் பட்டறையிலேயே செய்தேன், ஒரு பகல் முழுவதும் உடன் இருந்தேன். பார்த்ததை எழுதுகிறேன், வீட்டிலேயே செய்ய நினைப்பவர்கள் எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் இதில் தெரியும்.

முதல் வேலை மீண்டும் நான்கு மூலையும் அளந்து சுவரில் எழுதியது. பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சேசிஸின் கீழ் இரண்டு ஸ்டாண்டு வைத்த பிறகுதான் எவரும் வண்டிக்கு அடியில் கை வைத்தார்கள். சக்கரங்களைக் கழற்றியதும், ஏபிஎஸ் ஒயரின் கிளிப்புகளையும் பிரேக் ஹோஸைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டையும் விடுவித்தார்கள். வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் லிங்கை இரண்டு பக்கமும் ஒருசேரக் கழற்றினார்கள். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் அந்தக் கம்பி மறுபக்கத்தோடு சேர்ந்து முரண்டு பிடிக்கும் என்றார் மூத்தவர். மேல் பால் ஜாயிண்டை மரையின் மேல் சுத்தியால் அடிக்காமல், இழுக்கும் கருவி போட்டுப் பிரித்தார்கள். அதன் பிறகு கீழ் போல்ட், தலையில் உள்ள மூன்று நட்டுகள். கூட்டு முழுதாகக் கைக்கு வந்துவிட்டது.

தகடு மட்டும் வைப்பதாக இருந்தால் இந்த இடத்திலேயே வைத்துத் திரும்ப ஏற்றிவிடலாம். ஷாக்கின் நடு நட்டைத் தொடவே வேண்டாம். எனக்கு ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டியிருந்ததால் அதைத் திறந்தார்கள். சுவரில் பதித்த அமுக்கும் கருவியில் ஸ்பிரிங்கை முழுவதும் பிடித்து அமுக்கிய பிறகே நடு நட்டில் ஸ்பேனர் போனது. அந்தக் கருவி இல்லாத இடத்தில் கம்பி கட்டி அதைத் திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த ஸ்பிரிங் அமுங்கி நின்ற விதத்தை ஒருமுறை பார்த்தவர்கள் அந்தத் துணிவைப் பாராட்ட மாட்டார்கள்.

பழைய ஸ்பிரிங்கையும் புதியதையும் அருகருகே தரையில் நிறுத்தினோம். வலப்பக்கத்தது புதியதைவிட ஒரு விரற்கடை குட்டையாக இருந்தது. நான் எதிர்பார்க்காதது வேறொன்று: வலப்பக்கக் கீழ் பால் ஜாயிண்டில் கையால் ஆட்டினாலே தெரியும் அளவுக்கு ஆட்டம் இருந்தது. இதன் மேல் இரண்டு அங்குலம் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மூத்தவர் கேட்கவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்தார். அதையும் மாற்றினோம்.

தகடு 10 மி.மீ. தடிமன், முலாம் பூசிய இரும்பு. அதைக் கடந்து மேலே வரும் ஸ்டட்டின் நீளம் போதுமா என்று முதலில் பார்த்தார்கள். நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது தெரிய வேண்டும் என்றார். போதாமல் போனால் ஸ்டட்டையே மாற்ற வேண்டும், வெல்டிங் வைத்து நீட்டக் கூடாது என்றும் சொன்னார்.

திரும்பப் பூட்டும்போது ஒரு நுணுக்கம் கற்றுக்கொண்டேன். கீழ் ஆர்மின் உள்பக்கப் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் முழுமையாக முடுக்கவில்லை. கையளவு இறுக்கி, சக்கரம் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னுமாக இரண்டு முறை உருட்டி, அதன் எடை முழுவதும் தரையில் அமர்ந்த பிறகுதான் டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்கினார்கள். தொங்கும்போது முடுக்கினால் உள்ளே உள்ள ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே நின்று, சில மாதங்களில் கிழிந்துவிடுமாம். அந்த முறுக்கே வண்டியைப் பொய்யாக உயர்த்திக் காட்டும் என்பதால், அன்று எடுக்கும் அளவையும் நம்ப முடியாது.

ஸ்டீயரிங்கை இரண்டு எல்லைக்கும் முழுக்கத் திருப்பி, சக்கரம் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பார்த்தோம். இழுபடவில்லை. மறுநாள் அலைன்மென்டில் காஸ்டர், கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு), டோ மூன்றும் கம்பெனி எல்லைக்குள் வந்தன. காஸ்டர் மட்டும் எல்லையின் கீழ்ப்பகுதியில் நிற்கிறது.

இப்போதைய அளவு: முன் வலம் 492, முன் இடம் 493, பின்பக்கம் 521. இன்னும் 28 மி.மீ. குனிவு மிச்சம். முன்பு ஏற்றிய அதே பாரத்தை ஏற்றிப் பார்த்தேன், பின்பக்கம் 483. மூக்கு 9 மி.மீ. தூக்கல், கண்ணுக்குத் தெரியவில்லை. விளக்கைச் சுவரில் அடித்து இறக்கிவிட்டேன், திருவாரூர் நண்பருக்கு நன்றி. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகடு பற்றிய கடிதத்தையும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான பதிலை வாங்கி வைத்திருக்கிறேன்.

நாற்றங்கால், மே 29

அருமையான பதிவு. என் வண்டியின் புஷ்ஷை எந்த நிலையில் முடுக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை குனிந்து பார்க்கப் போகிறேன். கரை ஏறும்போது பம்பர் இன்னும் தட்டுகிறதா?

பாமணிக்கரை, ஜூன் 19

500 கி.மீ. ஓடிய பிறகு எல்லா நட்டையும் மறுபடி சோதித்தோம். தலையில் உள்ள நட்டுகளில் ஒன்று மட்டும் கால் சுற்று ஏறியது. பம்பரைப் பொறுத்தவரை, முன் ஏக்சிலில் கிடைத்த 32 முதல் 40 மி.மீ. உயரம் பம்பரின் நுனியில் 5 செ.மீ. போல ஆகியிருக்கிறது. காய்ந்த தரையில் தட்டவே இல்லை. போன வாரம் மழை பெய்து, ஏறும் இடத்தின் அடிப்பகுதி அரித்துப் பள்ளமாகிவிட்டதால் ஒருமுறை உரசியது. ஆகவே எங்கள் வயல் பக்கத்திலேயே, வாய்க்கால் கரையைத் தொடாமல், நேற்று இரண்டு டிராக்டர் கிராவல் கொட்டிச் சரிவை நீட்டிவிட்டேன். மூத்தவர் ஐயா இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பட்டறை மூத்தவர், ஜூன் 19

சிரித்தேன். அடுத்த சோதனை 5,000 கி.மீ.இல், வலப்பக்க ஏக்சில் பூட்டை மறக்காமல் பாருங்கள்.